நுரைக்கும் விலையா?

"சோடா என்றால் நுரைக்க வேண்டும், நுரைக்காத சோடாவும் ஒரு சோடாவா?" என்று கேட்கிறவர்கள் நம்மிடையே அதிகம். அவர்களோடுதான் எனக்கு வழக்கு. தம்ளர் வழியப் பொங்கினால் சரக்கு நல்ல காரம் என்று தலையாட்டுகிறார்கள். மேஜையில் வழிந்ததைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. தம்ளரில் மிஞ்சியதை வாயில் வைத்த பிறகாவது உண்மை புலப்பட வேண்டும், அதுவும் புலப்படுவதில்லை. பொங்கி வழிந்ததே அவர்கள் காசு கொடுத்து வாங்கிய கேஸ். அது போன பிறகு தம்ளரில் இருப்பது வெறும் தண்ணீர். தண்ணீரை விடச் சோடாவுக்கு அதிக விலை கொடுப்பதே அந்தக் கேஸுக்காகத்தான். அதைக் காற்றில் விட்டுவிட்டு, அது போகிற வேகத்தைப் பார்த்து மெச்சுவது, பணப்பை கிழிந்து சில்லறை கொட்டும் ஓசையைக் கேட்டு, "ஆகா, என்ன சங்கீதம்!" என்று ரசிப்பதற்குச் சமம்.

"எழுதுவதற்கு வேறு விஷயமே அகப்படவில்லையா? சோடாவும் ஒரு பிரச்சினையா?" என்று சில நேயர்கள் முகம் சுளிக்கக் கூடும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பத்திரிகை படிப்பவர்களுக்கு அது பிரச்சினையாகத் தோன்றாததில் வியப்பில்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில், இரும்பை உருக்கிக் கம்பியாக உருட்டும் ஆலைகள் இருக்கின்றன. சித்திரையிலும் வைகாசியிலும் மேலே வெயில், எதிரே உலை. அதற்கு முன்னால் ஒரு ஷிப்டு முழுவதும் நின்றுவிட்டு வெளியே வருகிறவனுக்கு ஒரு சோடா சின்ன விஷயமல்ல. அந்தச் சோடாவை நிரப்பி விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கும் அது சின்ன விஷயமல்ல. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று இருவரையும் ஏமாற்றுவது நுரை.

அங்கே ரயிலடிப் பக்கத்துக் கடைத்தெருவில் ஒரு மே மாதப் பிற்பகலில் பார்த்ததைச் சொல்கிறேன். வடக்கிலிருந்து பிழைக்க வந்த இளைஞன் ஒருவன், ஆலைக் கரி முகத்தில் அப்படியே இருக்க, பெட்டிக் கடையில் சோடா கேட்டான். கடைக்காரர் வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கிரேட்டிலிருந்து ஒரு கோலி சோடாவை எடுத்தார். கட்டையை வைத்து ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். 'டப்' என்ற சத்தத்தோடு பாட்டில் எரிமலையாகி விட்டது. பாதிச் சோடா பலகையிலும் கடைக்காரரின் சட்டையிலும் போயிற்று. மீதிப் பாதியைக் குடித்த இளைஞன் சண்டை போடவில்லை. மறுபடி பைக்குள் கையை விட்டு, கண்ணாடிக் கதவு போட்ட குளிர்ப்பெட்டியில் இருந்த ஒரு பெரிய கம்பெனியின் பிளாஸ்டிக் பாட்டிலைக் காட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"ஏன் இப்படிப் பொங்குகிறது?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

"வெயில் சார். வெயிலுக்கு யாரு என்ன பண்ண முடியும்?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்துத்தான் இத்தனையும் எழுதுகிறேன். வெயிலைக் குறை சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அது திருப்பிப் பேசாது. ஆனால் இந்த வழக்கில் வெயில் முழுக் குற்றவாளியல்ல. அதற்கு உடந்தையாக இருந்தவர்கள் நாம்.

சோடாவின் பிறப்பை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1767-ஆம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் குடியிருந்தார். அடுத்த கட்டடம் பீர் காய்ச்சும் ஆலை. புளிக்கும் தொட்டிகளின் மேல் கரியமில வாயு போர்வை போலத் தங்கியிருப்பதைக் கவனித்த அவர், அதில் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பார்த்தார். வாயு தண்ணீரில் கரைந்தது. 1772-ல் அந்த முறையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். ஆகவே பீரும் சோடாவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். நான் பீருக்குப் பரிந்து பேச வரவில்லை. உறவு முறையை மறைக்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல்கிறேன். பின்னால் அது பயன்படும்.

பிரீஸ்ட்லிக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1803-ல், வில்லியம் ஹென்றி என்ற விஞ்ஞானி வாயு தண்ணீரில் கரையும் விதியைச் சொன்னார்: அழுத்தம் கூடினால் கரைவதும் அந்த அளவுக்குக் கூடும். இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு உண்மை, சூடு ஏறினால் கரைவது குறையும் என்பது. கரியமில வாயுவைச் சாதாரணக் காற்றழுத்த அளவில் வைத்தால், ஒரு லிட்டர் தண்ணீர் 0 டிகிரியில் 1.7 லிட்டர் வாயுவைப் பிடித்துக்கொள்ளும். 15 டிகிரியில் ஏறக்குறைய 1 லிட்டர். 30 டிகிரியில் 0.66 லிட்டர். 40 டிகிரியில் அரை லிட்டருக்குச் சற்று மேல்.

இனி நம் ஊர்ச் சோடா கம்பெனிக்கு வருவோம். மொட்டை மாடித் தொட்டியில் நாள் முழுதும் காய்ந்த தண்ணீர் குழாயில் வருகிறது. கை வைத்தால் சுடுகிறது. அதை அப்படியே பாட்டிலில் ஊற்றி மெஷினில் வைத்துச் சுற்றுகிறார்கள். நாக்கில் சுருக்கென்று தைக்கும் சோடாவுக்குத் தண்ணீரைப் போல நான்கு மடங்கு வாயு கரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 4 டிகிரிக் குளிர்ந்த தண்ணீருக்கு அதற்கு 2.7 மடங்கு காற்றழுத்தம் போதும். 30 டிகிரித் தண்ணீருக்கு 6 மடங்கு வேண்டும். அந்த அழுத்தத்தைக் கொடுக்காவிட்டால் சோடா சப்பென்று இருக்கும். கொடுத்துவிட்டால், உள்ளே ஆறு, வெளியே ஒன்று என்ற நிலையில் பாட்டிலைத் திறந்ததும் அடைபட்டிருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடும். அந்த ஓட்டந்தான் நீங்கள் மெச்சும் நுரை.

"பெரிய கம்பெனிப் பாட்டில் மட்டும் பொங்குவதில்லையே?" என்று கேட்கலாம். யார் சொன்னது? அதையும் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, இரண்டு குலுக்குக் குலுக்கித் திறந்து பாருங்கள், சட்டை நனையும். அவர்களுடைய வித்தை பாட்டிலுக்குள் இல்லை, குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. தங்கள் பெயரைப் பெரிதாக எழுதிய பெட்டியைக் கடைக்காரரிடம் கொண்டுவந்து வைக்கிறார்கள். அதில் பிறர் சரக்கு குடியேறுவதை அவர்கள் விரும்புவதில்லை. ஆகவே கம்பெனிப் பாட்டில் உள்ளே குளிரில் உட்காருகிறது. உள்ளூர்க் கோலி சோடா வாசலில் வெயிலில் நிற்கிறது. பிறகு இரண்டையும் ஒரே தம்ளரில் ஊற்றி ஒப்பிட்டு, "நம் ஆள் சரக்கு மட்டம்" என்று தீர்ப்புச் சொல்கிறோம். இது நியாயமா?

நியாயமில்லைதான். ஆனால் இந்த அநியாயத்தைச் சொல்லி அழுதுகொண்டே தொழிலைச் சரியாகச் செய்யாமல் இருப்பதும் நியாயமில்லை. இங்கேதான் பீரின் உறவு உதவிக்கு வருகிறது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு பீர் காய்ச்சிக்கொள்ள 1978-ல் மத்திய சட்டம் இயற்றி வழி விட்டார்கள். நம் மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம்; அந்த விவாதம் வேறு. அந்த நாட்டில் கொட்டகையில் உட்கார்ந்து பீர் காய்ச்சும் மனிதனுக்கும் கும்மிடிப்பூண்டிச் சோடாக்காரருக்கும் குறை ஒன்றே: உருளைப் பீப்பாயில் அடைத்துக் கேஸ் ஏற்றிக் குழாயைத் திறந்தால் தம்ளரில் முக்கால் பங்கு நுரை. ஆனால் அந்த மனிதன் வெயிலைப் பழித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஒன்றொன்றாகக் காரணம் தேடினான். பீப்பாயை 3, 4 டிகிரிக்குக் குளிர வைத்தான். அழுத்தமானியைப் பார்த்துத் தேவைக்கு மேல் கேஸ் ஏற்றாமல் நிறுத்தினான். பீப்பாய்க்கும் குழாய்க்கும் நடுவே மெல்லிய நீண்ட ரப்பர்க் குழலை மாட்டி, வழியிலேயே வேகம் தணியும்படி செய்தான். குழலை அடிக்கடி கழுவினான். குழாயைப் பாதி திறந்தால் இடுக்கில் சீறி நுரைக்கிறது என்று கண்டு முழுதாகத் திறந்தான். இத்தனைக்கும் பீருக்குச் சிறிது நுரை அழகு. தானியத்தின் புரதம் அதைத் தாங்கி நிற்கும். வெறும் சோடாவில் அப்படித் தாங்குவதற்கு ஒன்றுமே இல்லை. ஆகவே சோடாவில் நுரை முழு நஷ்டம். குறைந்த நஷ்டக்காரன் அவ்வளவு பாடுபட்டிருக்கிறான். முழு நஷ்டக்காரர் வெயிலைக் காட்டுகிறார்!

சோடாக்காரர் செய்யக் கூடியது என்ன? மலையைப் புரட்டும் காரியம் ஒன்றுமில்லை.

முதலாவது, கேஸுக்கு முன்னால் குளிர். நிரப்பும் தண்ணீரை ஐஸிலோ குளிர் இயந்திரத்திலோ குளிர வைத்த பிறகே மெஷினுக்குக் கொண்டு போக வேண்டும். வசதி இல்லாதவர் வெயில் ஏறுவதற்கு முன், விடியற்காலையிலாவது நிரப்பலாம். நிரப்பிய பிறகு குளிர வைத்தால் போதாதா என்றால், போதாது. கடையில் குளிர வைப்பது கேஸ் தங்குவதற்கு உதவும். ஏற்கனவே ஏறாத கேஸை அது கொண்டுவந்து சேர்க்காது.

இரண்டாவது, பாட்டிலில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது. தண்ணீரிலும் பாட்டில் கழுத்திலும் சாதாரணக் காற்று இருக்கிறது. அது தண்ணீரில் எளிதில் கரையாது. ஆகவே மூடி திறந்ததும் முதலில் குமிழாகி ஓடுவது அதுதான். ஓடும்போது கரியமில வாயுவையும் கூட இழுத்துக்கொண்டு ஓடும். கொஞ்சம் கேஸ் விட்டு, அந்தக் காற்றை ஒரு முறை வெளியே சீறவிட்டு, மறுபடி கேஸ் ஏற்ற வேண்டும். அரை நிமிட வேலை. அவசரத்தில் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது, சுத்தம். குமிழ் வெறும் தண்ணீரில் எளிதில் பிறப்பதில்லை. ஒட்டிய தூசியிலும், பழுப்பேறிய கறையிலும், கீறலிலும் ஒளிந்திருக்கும் துளிக் காற்றிலிருந்து பிறக்கிறது. ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் உரிமை பெற்ற இந்தக் கோலி பாட்டில் மிக அழகான கருவி. உள்ளிருக்கும் கேஸே கோலியை ரப்பர் வளையத்தில் அழுத்தி அடைத்துக்கொள்கிறது. தனியாக மூடி வேண்டாம். ஆனால் அந்த நெளிந்த கழுத்தைக் கழுவுவது கடினம். நீண்ட பிரஷ்ஷும் சுடுநீரும் பொறுமையும் வேண்டும். சுத்தம் இல்லாத பாட்டில் வயிற்றைக் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது சோடாவையும் கெடுக்கும் என்பது தெரிய வேண்டாமா?

நான்காவது, தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல் நீர் புகுந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. சென்னை நகரத்தின் தாகத்துக்கு அந்த மண் கொடுத்த விலை அது. அந்தப் பக்கத்தில் கிணற்று நீரை அப்படியே பாட்டிலில் அடைத்துவிட்டு ருசியைப் பற்றிப் பேச முடியாது. சுத்திகரித்த தண்ணீருக்கு ஆகும் செலவைச் செலவாகவே கணக்கில் எழுத வேண்டும்.

ஐந்தாவது, திறக்கும் முறை. நிரப்பிய பாட்டிலை இரு சக்கர வண்டியில் தடதடவென்று கொண்டுவந்து, இறக்கிய கையோடு உடைத்தால் பொங்காமல் என்ன செய்யும்? சற்று ஓய்வு கொடுங்கள். நிழலில் வையுங்கள்; ஐஸ் வாளியில் கழுத்தளவு மூழ்க வையுங்கள். கோலியை ஓங்கிக் குத்தாமல், மெதுவாக அழுத்தி, சீறல் அடங்கும் வரை பிடித்திருங்கள். தம்ளரைச் சாய்த்து, ஓரமாக வழியவிடுங்கள். வீட்டில் எலுமிச்சைச் சோடா கலக்கும் இல்லத்தரசிகளுக்கும் ஒரு வார்த்தை: சோடாவை ஊற்றிவிட்டு அதன் மேல் உப்பைப் போடாதீர்கள். ஒவ்வொரு உப்புக் கல்லும் ஆயிரம் குமிழுக்குத் தாய். உப்பைச் சாற்றிலேயே கரைத்துவிட்டு, அதன் மேல் சோடாவை மெல்ல விடுங்கள். வித்தியாசத்தை வீட்டில் உள்ளவர்களே சொல்வார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு தேசபக்தர்கள் வருவார்கள். "உள்ளூர்ச் சரக்கில் குற்றம் கண்டுபிடிக்கிறாயே, அந்நியக் கம்பெனிக்கு ஆளாகப் பேசுகிறாயா?" என்பார்கள். இல்லை ஐயா! என் கோபம் நீங்கள் செய்யும் உபகாரத்தின் மேல்தான். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் இளைஞர்கள் திரண்டார்கள். அந்த உற்சாகத்தில் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் முடிவு செய்து, மார்ச் 1 முதல் நிறுத்தச் சொல்லின. நல்ல நோக்கம், அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் நோக்கம் சூடாக இருந்த அளவுக்கு ஏற்பாடு இருந்ததா? கைவிட்ட பாட்டிலுக்குப் பதிலாகக் கொடுக்க, ஊருக்கு ஊர் குளிர்ந்த, சுத்தமான, ஒரே தரமான உள்ளூர்ச் சோடாவைத் தயாராக வைத்திருந்தோமா? ஒரு குளிர்ப்பெட்டியாவது கடைக்காரருக்கு வாங்கிக் கொடுத்தோமா? முழக்கம் பொங்கிற்று, அடங்கிற்று, பழைய பாட்டில்கள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தன. பூந்தமல்லிக்கு மேற்கே நேமத்தில் இருக்கும் கோகோ கோலா ஆலை நம்முடைய முழக்கத்துக்குப் பயந்து இடம் பெயர்ந்துவிடவில்லை. மேடையில் பேச்சாளருக்குச் சோடா உடைத்துக் கொடுப்பது நம் ஊர்ச் சம்பிரதாயம். சோடாவைப் பற்றிய இயக்கமே மேடைச் சோடாவைப் போல ஆகிவிட்டதுதான் வேடிக்கை.

இரக்கத்தால் ஒருவன் ஒரு சோடா வாங்குவான். இரண்டாவது சோடாவை ருசிக்காகத்தான் வாங்குவான். விருதுநகரில் 1916-ல் தொடங்கிய காளிமார்க் நூறாண்டைத் தாண்டி நிற்பதற்கு இரக்கமா காரணம்? ஜப்பானில் 1884 முதல் 'ராமுனே' என்ற பெயரில் இதே கோலி பாட்டிலில் பானம் விற்கிறார்கள். பிள்ளைகள் இன்றும் விரும்பிக் குடிக்கிறார்கள். அந்த நாட்டுக்கு அந்நியப் பானங்கள் வராமலா போயின? நம் கோலி சோடாவே 2025-ல் புதுப் பெயர் சூட்டிக்கொண்டு அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் வளைகுடா நாட்டுக்கும் கப்பலேறியதாக மத்திய அரசு பெருமையோடு அறிவித்தது. கடல் கடந்தவனுக்கு ஒழுங்காகக் குளிர வைத்துக் கொடுக்கத் தெரிந்த நமக்கு, கும்மிடிப்பூண்டி ஆலை வாசலில் நிற்பவனுக்குக் கொடுக்கத் தெரியாதா?

அரசாங்கத்தையும் விட்டுவிட முடியாது. 2025 செப்டம்பர் 22 முதல், இனிப்போ மணமோ சேர்த்த சோடா வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம். அதற்கு முன்னாலும் 28 சதவிகித வரியும் 12 சதவிகிதக் கூடுதல் தீர்வையுமாக அதே சுமைதான். உலகமெல்லாம் விற்கும் கோலாவுக்கும் ஒரு தெருவில் விற்கும் பன்னீர் சோடாவுக்கும் ஒரே விகிதம். சிறு உற்பத்தியாளர்களுக்கென்று இருக்கும் காம்போசிஷன் சலுகையிலிருந்தும் இந்தச் சரக்கை 2019-லேயே விலக்கிவிட்டார்கள். சர்க்கரை உடம்புக்குக் கெடுதல். அதற்கு வரி போடுவது சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் சர்க்கரையின் அளவைப் பார்த்துப் போடட்டும். யானைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே சங்கிலியா? வசூலிக்கிற வரியில் ஒரு துளியைச் செலவிட்டு, சிறு சோடா கம்பெனிகள் பத்துக்கு ஒன்றாகப் பொதுவான குளிர்நீர் நிலையமும், பாட்டில் கழுவும் இயந்திரமும், தரம் பார்க்கும் கூடமும் சிப்காட் எல்லைக்குள் அமைத்துத் தந்தால் என்ன? பெரிய ஆலைகளுக்கு நிலமும் நீரும் சாலையும் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு பாரமா?

ஆனால் அரசாங்கம் செய்யும் வரை காத்திருங்கள் என்று நான் சோடாக்காரர்களுக்குச் சொல்ல மாட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குளிர்ந்த தண்ணீரில் கேஸ் ஏற்ற எந்த உத்தரவும் தேவையில்லை. பாட்டிலைத் தேய்த்துக் கழுவ எந்த லைசென்ஸும் குறுக்கே நிற்காது. பெட்டிக் கடைக்காரர் கிரேட்டை வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்த இரண்டு கை போதும்.

குடிக்கிறவர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பொங்கி வழிகிற சோடாவைக் கண்டு கைதட்டுவதை நிறுத்துவோம். பாதி தம்ளர் நுரையாகப் போனால், "பெரியவரே, இது எனக்குக் கணக்கில்லை, குளிர்ந்ததாக வேறொன்று கொடுங்கள்" என்று கோபமில்லாமல் கேட்போம். கேட்டு வாங்கினால் அடுத்த தடவை கிரேட் நிழலில் இருக்கும். கேட்காமல் காசை வைத்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டியை நோக்கிப் போனால், ஒரு நாள் அந்தக் கடையில் கண்ணாடிப் பெட்டி மட்டுந்தான் இருக்கும். அன்றைக்குச் சுதேசியைப் பற்றி எவ்வளவு உருக்கமாகப் பேசினாலும், தொண்டையை நனைத்துக்கொள்ள அந்நியச் சரக்கைத்தான் உடைக்க வேண்டியிருக்கும்.